90 நாளோடு நின்ற சீரிஸ், 31 ஆண்டு ஓடிய வழக்கு

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி, ஏகாம்பரகுப்பம், சித்தூர் பக்கத்துத் தமிழர்களுக்கு ராஜிவ் காந்தி கொலை வழக்கு எங்கோ டெல்லியில் நடந்த விவகாரம் இல்லை. திருத்தணி, திருவள்ளூர் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர் நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அதே திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் பூந்தமல்லி. சித்தூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வேலூர். குண்டு வெடித்தது முதல் ஊரான ஸ்ரீபெரும்புதூரில். தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கோர்ட் தீர்ப்பு சொன்னது இரண்டாவது ஊரில். தண்டிக்கப்பட்டவர்கள் தூக்குக்காகவும் பிறகு விடுதலைக்காகவும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது மூன்றாவது ஊரில்.

சோனி லிவ்வில் 2025 ஜூலை 4 அன்று வெளியான 'தி ஹன்ட்: தி ராஜிவ் காந்தி அசாஸினேஷன் கேஸ்' இந்த மூன்றில் முதல் ஊரில் தொடங்கி, பெங்களூருக்குத் தெற்கே கோணனகுண்டேயில் ஒரு வாடகை வீட்டோடு வேட்டையை முடிக்கிறது. ஏழு எபிசோட். பார்த்து முடித்த இங்குள்ள பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சரி, அப்புறம் நளினி, முருகன் கதை?" என்பதுதான். இருவரும் இந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் வழக்கைவிட, சீரிஸ் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்பதில்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் அடிப்படை விவரம். இயக்கியவர் நாகேஷ் குகுனூர், தயாரிப்பு அப்ளாஸ் என்டர்டெயின்மென்ட். மூலம், அனிருத்ய மித்ரா ஆங்கிலத்தில் எழுதி 2022-இல் வந்த 'நைன்டி டேஸ்'. மித்ரா அந்தச் சமயத்தில் இந்தியா டுடே நிருபர்; புலனாய்வு நடந்துகொண்டிருந்தபோதே அதைப் பற்றி எழுதியவர். சிறப்புப் புலனாய்வுக் குழுவின் தலைவர் டி.ஆர். கார்த்திகேயனாக அமித் சியால். அவருக்குக் கீழே தலைமைப் புலனாய்வு அதிகாரி ரகோத்தமனாக நம் பகவதி பெருமாள். கார்த்திகேயன் தமிழர்தான், கர்நாடகப் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரி. பொறுப்பு வந்தபோது ஹைதராபாத்தில் சி.ஆர்.பி.எஃப். ஐ.ஜி.யாக இருந்தார்.

கொலை 1991 மே 21 இரவு. கொலையை முன்னின்று நடத்திய விடுதலைப் புலிகள் குழுவின் சிவராசனும் சுபாவும் உட்பட ஏழு பேர் கோணனகுண்டேயில் செத்துக்கிடந்தது ஆகஸ்ட் 20 காலை. அன்று ராஜிவின் பிறந்தநாள். எண்ணிப் பார்த்தால் 91 நாள். புத்தகத்தின் தலைப்பே இதிலிருந்துதான் வருகிறது. சீரிஸ் எழுதுகிறவருக்கு இப்படி ஒரு காலக்கெடு கிடைப்பது அதிர்ஷ்டம். ஒரு பக்கம் பெயர் தெரியாத பிணம், இன்னொரு பக்கம் பூட்டிய வீடு, நடுவில் துரத்தல். துரத்தலின் முதல் துப்புகூட சினிமாக்காரர் யோசித்து வைத்தது போல இருக்கிறது: குண்டுவெடிப்பில் புகைப்படக்காரர் ஹரிபாபு இறந்துவிட்டார், அவருடைய கேமரா தப்பிவிட்டது. அந்தச் சுருளில் இருந்த பத்துப் படங்களில்தான் உடலில் குண்டைக் கட்டிக்கொண்டு மாலையோடு நிற்கும் தணு இருந்தார்; குர்தா போட்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் சிவராசனும் இருந்தார்.

ஒரு குற்றத்தைப் பற்றி யார் புத்தகம் எழுதுகிறாரோ, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் பிறகு கேமராவும் உட்காரும். இந்த வகைச் சீரிஸ்களை வரிசையாகப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 'ஸ்கேம் 1992', ஹர்ஷத் மேத்தா ஊழலை வெளிக்கொண்டுவந்த சுசேதா தலாலும் தேபாசிஷ் பாசுவும் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. அதில் நிருபர் சுசேதாதான் நமக்குக் கதையைச் சொல்கிறார். 'பிளாக் வாரன்ட்' திகார் சிறையில் அதிகாரியாக இருந்த சுனில் குப்தா, பத்திரிகையாளர் சுனேத்ரா சௌத்ரியோடு சேர்ந்து எழுதியது. அதனால் அந்தச் சீரிஸ் சிறைக்குள்ளேயே சுற்றுகிறது. அமெரிக்காவில் 1976-இல் வந்த டிவி படம் 'ஹெல்டர் ஸ்கெல்டர்', மான்சன் கும்பல் வழக்கில் அரசு வக்கீலாக வாதாடிய வின்சென்ட் புலியோசியின் புத்தகத்திலிருந்து வந்தது. வக்கீல் எழுதியதால் அங்கே கோர்ட் முக்கியமான களம்.

எங்கள் ஊர் விசைத்தறிக்காரர் பாஷையில் சொன்னால், பாவு என்ன அகலத்துக்கு ஓட்டியிருக்கிறதோ துணியும் அந்த அகலத்துக்குத்தான் விழும்.

கோணனகுண்டே வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரே வீடு, ஒரே இரவு, பல படங்கள். ஏ.எம்.ஆர். ரமேஷ் 2006-இல் கன்னடத்தில் எடுத்த 'சயனைடு', தமிழில் 'குப்பி' என்று வந்தது. அது பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கிறது. வந்தவர்கள் யார் என்று தெரிந்த பிறகும் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்ட தம்பதியின் பயம்தான் படம். அடுத்த ஆண்டு மலையாளத்தில் 'மிஷன் 90 டேஸ்' வந்தது. இயக்கிய மேஜர் ரவி, அந்த நடவடிக்கையில் தானே பங்கெடுத்த கமாண்டோ அதிகாரி. அதனால் அங்கே மம்மூட்டி ராணுவ அதிகாரி. வீட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு உத்தரவுக்காகக் காத்திருக்கும் ஆளின் ஆத்திரம்தான் படம். 'தி ஹன்ட்' பார்ப்பது சி.பி.ஐ. அதிகாரிகளின் பக்கத்திலிருந்து, அவர்களோடு பேசக்கூடிய நிருபரின் கண்ணால். சயனைடு முறி மருந்துக்காகவும் மேலிட உத்தரவுக்காகவும் ஒரு நாளுக்கு மேல் காத்திருந்து, கடைசியில் உயிரோடு ஒருவரும் கிடைக்காமல் போன தோல்வி, இந்த மூன்றிலும் மூன்று விதமான எடையில் வருகிறது. யார் பொய் சொல்கிறார்கள் என்ற கேள்வியே இங்கே எழவில்லை. மூன்று பேரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், நின்ற இடம்தான் வேறு.

நடந்த சம்பவம் எல்லோருக்கும் பொதுவாயிற்றே, அப்புறம் எதற்குப் புத்தக உரிமையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? சட்டப்படி சம்பவத்துக்குக் காப்புரிமை கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கரு, வரலாற்றுச் செய்தி, நடந்த உண்மை இவற்றுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதை ஒருவர் சொல்லும் விதத்துக்குத்தான் பாதுகாப்பு. ஆக, தயாரிப்பாளர் பணம் கொடுத்து வாங்குவது கொலையை அல்ல. அடுக்கி வைத்த வரிசையை வாங்குகிறார், உள்ளே இருந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய அறைக்குள் பேச்சுகளை வாங்குகிறார், நாளை யாராவது கேஸ் போட்டால் 'இதோ, அச்சில் வந்திருக்கிறது' என்று காட்ட ஒரு காகிதத்தையும் வாங்குகிறார். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை.

அந்தக் காகிதத்தின் மதிப்பைத் தீர்மானித்த வழக்கு தமிழ்நாட்டு வழக்கு என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபடி சுயசரிதை எழுதினார். மனைவி மூலமாக அது வக்கீலுக்குப் போய், அங்கிருந்து நக்கீரனுக்குப் போனது. சில ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குத் தன்னோடு இருந்த தொடர்பை அதில் எழுதியிருப்பதாகப் பத்திரிகை அறிவித்தது. உடனே 1994 ஜூனில் சிறைத்துறை ஐ.ஜி. கடிதம் எழுதினார்: இது போலி, வெளியிடக் கூடாது, மீறினால் நடவடிக்கை. நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த ஆண்டு அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பைத்தான் இன்றைக்கும் ஓடிடி கம்பெனிகளின் வக்கீல்கள் கையில் வைத்திருக்கிறார்கள். சாரம் இது: கோர்ட் ஆவணம் போன்ற பொதுப் பதிவில் இருப்பதை, சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமலும் யாரும் எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய சொந்த வாழ்க்கைக்குள் நுழைந்தால் அவர் வழக்குப் போடலாம். பாலியல் குற்றத்துக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயர் பதிவில் இருந்தாலும் அதை வெளியே சொல்லக் கூடாது. 'எங்களைப் பற்றி வரப்போகிறது' என்று அதிகாரிகள் முன்கூட்டியே தடை வாங்கவும் முடியாது. வந்த பிறகு மானநஷ்டம் கேட்கலாம். ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் கதை 2019-இல் ஜீ5-இல் பத்து எபிசோடாக வந்தது. அவராக நடித்த அப்பாணி சரத் கேரளத்துக்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம் போய் ஆள் தேட வேண்டியிருந்தது என்பதில் எங்களுக்கு ஒரு சின்ன வேடிக்கை.

இந்தச் சுதந்திரம் காகிதத்தில் இருப்பதால் மட்டும் படம் வந்துவிடாது. ராஜிவ் கொலையை வைத்து ஆர்.கே. செல்வமணி சுடச்சுட எடுத்த 'குற்றப்பத்திரிகை' சென்சாரோடு மல்லுக்கட்டி 2007-இல்தான் தியேட்டருக்கு வந்தது. அதற்குள் பார்க்க நினைத்தவர்களுக்கே ஆர்வம் ஆறிவிட்டது. ஓடிடிக்கு அந்தச் சென்சார் சான்றிதழ் தேவையில்லை. இப்போது இத்தனை வழக்குச் சீரிஸ்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். 90 நாளுக்குப் பிறகு என்ன நடந்தது?

குற்றப்பத்திரிகை 1992 மே மாதம் தாக்கலானது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 41 பேர். அதில் 12 பேர் ஏற்கனவே இறந்தவர்கள். புலிகள் இயக்கத்தின் பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா மூவரும் கைக்குச் சிக்காதவர்கள். மீதி 26 பேர்தான் கூண்டில் நின்றார்கள். விசாரணை பூந்தமல்லி தடா கோர்ட்டில், மூடிய கதவுக்குள். நிருபர்கள் உள்ளே போக முடியவில்லை. துரத்தலை நாள்தோறும் எழுதிய பத்திரிகைகளுக்கு விசாரணையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாமல் போனது. பூந்தமல்லியை வைத்து விறுவிறுப்பான புத்தகம் ஒன்றும் வராததற்கு இதுதான் காரணம் என்பேன். புத்தகம் இல்லை, அதனால் சீரிஸும் இல்லை.

1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கலைத்துப் போட்டது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்குத் தூக்கு உறுதி. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கு ஆயுள். மீதி 19 பேரும் வெளியே. வீடு கொடுத்தவர், உதவி செய்தவர் என்று சின்னச் சின்னக் குற்றங்களோடு நின்றவர்கள் அவர்கள். அனுபவித்த சிறையே போதும் என்றது கோர்ட்.

அந்தத் தீர்ப்பில் விசித்திரமான ஒரு முடிச்சு இருக்கிறது. சாதாரணச் சட்டத்தில் போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. தடாவில் 15-ஆவது பிரிவின்படி எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி எழுதி வாங்கினால் செல்லும். வழக்கின் முதுகெலும்பே அந்த வாக்குமூலங்கள்தான். ஆனால் உச்ச நீதிமன்றம், இந்தக் கொலை தடா சட்டம் சொல்கிற பயங்கரவாதச் செயலாக நிரூபிக்கப்படவில்லை என்று அந்தக் குற்றச்சாட்டுகளை நீக்கிவிட்டது. நீக்கிய பிறகும் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றது. வேறு குற்றங்களும் அதே விசாரணையில் சேர்ந்து நடந்ததால் 12-ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது என்பது காரணம். சட்டம் படித்தவர்களே இரண்டு தடவை படிக்கிற இடம் இது.

பேரறிவாளன் விஷயம் அங்கேதான் கட்டுண்டு கிடந்தது. கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீது இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தை எழுதி வாங்கிய சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013-இல் பகிரங்கமாகச் சொன்னார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னார், அந்தப் பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. 90 நாளுக்குள் நின்று பார்த்தால் வாக்குமூலம் வாங்கும் காட்சி புலனாய்வின் வெற்றி. 22 ஆண்டு தள்ளி நின்று பார்த்தால் அதே அறை, அதே மேஜை, காட்சியின் அர்த்தமே வேறு. சீரிஸ் எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. 'அதிகாரி ஆளைப் பிடித்தார்' என்பதோடு முடிகிற எந்தக் கதைக்கும் இந்த ஆபத்து உண்டு. பிடித்தது சரியா, எழுதியது சரியா என்பதைச் சோதிப்பது கோர்ட்டின் வேலை. அந்தச் சோதனை கதைக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

இந்த நீண்ட வழக்கில் கேரளத்துக்குத் தொடர்பு உள்ளவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 1999 தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை வகித்த கே.டி. தாமஸ் கோட்டயத்துக்காரர். நளினிக்குத் தூக்கு வேண்டாம், அவர் ஒரு பெண் குழந்தைக்குத் தாய் என்று அவர் மட்டும் தனியாக எழுதினார்; மற்ற இரு நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு 2017-இல் அவரே சோனியா காந்திக்குக் கடிதம் எழுதி, கைதிகள்மீது கருணை காட்டும்படி கேட்டார். கருணை மனுக்கள் தமிழ்நாட்டு ஆளுநராக இருந்த ஃபாத்திமா பீவியிடம் போயின. அவர் பத்தனம்திட்டைக்காரர், உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. முதலில் நான்கு மனுக்களையும் தள்ளினார். அமைச்சரவையைக் கேட்காமல் தள்ளியது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2000 ஏப்ரலில் நளினிக்கு மட்டும் தூக்கு ஆயுளானது. மற்ற மூவரின் மனு குடியரசுத் தலைவரிடம் 11 ஆண்டு கிடந்தது.

அதன் பிறகு எல்லாம் வேலூர். 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். 30-ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு, மனுவை இத்தனை ஆண்டு இழுத்தடித்ததையே காரணமாகக் காட்டி மூவருக்கும் தூக்கை ரத்து செய்தது. (அதே ஆண்டில் அவர் கேரள ஆளுநராகப் போனார்.) 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலை. நவம்பர் 11 அன்று மீதி ஆறு பேர் விடுதலை. இலங்கைக் குடிமக்களான நால்வரும் சிறையிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். சாந்தன் ஊர் திரும்பவே இல்லை. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னையில், ராஜிவ் காந்தி பெயர் வைத்த அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார்.

எல்லைப் பகுதிக்கென்று ஒரு நினைவும் உண்டு. கொலைக்கு மறுநாள் தமிழ்நாட்டில் திமுககாரர்களின் வீடும் அலுவலகமும் அடி வாங்கின. ஆந்திராவில் தெலுங்கு தேசம் கட்சிக்காரர்களும் என்.டி.ஆர். குடும்பத்துச் சொத்துகளும் அடி வாங்கின. ராஜிவ் கடைசியாகப் பிரசாரம் செய்துவிட்டுக் கிளம்பிய ஊர் விசாகப்பட்டினம் என்பதைத் தவிர ஆந்திராவுக்கும் கொலைக்கும் ஒட்டுறவே இல்லை. கொடி எந்தப் பக்கம் என்ன நிறமாக இருந்ததோ அது எரிந்தது. கொலையைத் துரத்துகிற கதையில் இதற்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

இத்தனையும் சொன்னதால் சீரிஸ் மோசம் என்று அர்த்தமில்லை. அதிகாரிகளைச் சூப்பர் ஹீரோவாகக் காட்டாமல், மல்லிகை என்ற கட்டடத்தில் கோப்புகளோடும் மொழிச் சிக்கலோடும் மேலிடத்தோடும் மாரடிக்கும் ஆட்களாகக் காட்டியிருக்கிறார்கள். சிக்கியவன் சயனைடு குப்பியைக் கடிப்பதற்குள் கையைப் பிடிக்க வேண்டிய அவசரம் ஒவ்வொரு கைதிலும் நன்றாக வந்திருக்கிறது. குகுனூர் பெரிய இசை போட்டுக் கண்ணீர் கேட்கவில்லை. மினி சீரிஸுக்கு இருக்க வேண்டிய சிக்கனம் அதில் இருக்கிறது.

'அப்புறம்?' என்று கேட்கிறவர்களுக்குத் தமிழிலேயே படிக்கக் கிடைக்கிறது. சீரிஸில் பகவதி பெருமாள் நடித்த ரகோத்தமன், 'ராஜிவ் கொலை வழக்கு' என்று தன் பக்கத்தை எழுதியிருக்கிறார். எந்தெந்தக் கேள்விகளை மேலே தொடர விடவில்லை என்ற மனத்தாங்கல் அதில் நிறைய. எதிர்ப்பக்கத்தில் பேரறிவாளன் வேலூரிலிருந்து எழுதிய 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்' இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள், வாக்குமூலம் பற்றிய பக்கங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. ஆங்கிலம் வருகிறவர்கள் 1999 தீர்ப்பையும் தேடி எடுக்கலாம், இணையத்தில் காசில்லாமலே கிடைக்கிறது. நீளம்தான், ஆனால் மூன்று நீதிபதிகளும் தனித்தனியாக எழுதியிருப்பதால் தாமஸ் எழுதிய பகுதியிலிருந்து தொடங்குவது சுலபம்.